யார் வீட்டில் சாவது? வலியும் வாடகையும் சாதியும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பணிகளைப் பட்டியலிட்டு, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது வழக்கம். இந்த ஆண்டு அதிலிருந்து சற்று விலகுகிறோம். நம் மன்றத்தின் மலர்களை எழுத்தெழுத்தாக அச்சுக் கோத்துக் கொடுத்த தோழர் எப்படி வாழ்ந்தார் என்பது இங்கிருக்கும் பலருக்குத் தெரியும். அவர் எப்படிச் செத்தார் என்பது ஏழெட்டுப் பேருக்குத்தான் தெரியும். அந்த ஏழெட்டுப் பேர்தான் இந்த உரையை எழுதியிருக்கிறோம். அவருடைய மனைவியின் சம்மதத்தோடு எழுதுகிறோம். பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம்.

தோழருக்கு வாயில் புற்றுநோய். அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து, நோய் மறுபடியும் கழுத்துக்கு வந்தபோது மருத்துவமனையில் சொன்னது ஒரே வாக்கியம்: "இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்." தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் கேட்ட வாக்கியம் இது. இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது, செய்ய ஒன்றுமில்லை என்பது. நோயைக் குணமாக்க ஒன்றுமில்லை என்பதுதான் உண்மை. வலியைக் குறைக்க, மூச்சுத் திணறலைத் தணிக்க, புண்ணின் நாற்றத்தைப் போக்க, தூங்கவைக்க, குடும்பத்தைத் தாங்க ஏராளமாக இருக்கிறது. இரண்டாவது, வீட்டுக்கு என்பது. அந்த வீடு யாருடையது என்று எந்த மருத்துவரும் கேட்பதில்லை. இந்த உரை இந்த இரண்டு பிழைகளைப் பற்றியது.

ஆதரவு சிகிச்சை என்றால் என்ன?

குணமாகாத நோயில் இருப்பவருக்கு அவருடைய துன்பத்தையே நோயாகக் கருதித் தரும் சிகிச்சையைத்தான் நம் அரசு ஆவணங்கள் 'நோய் ஆதரவு சிகிச்சை' என்கின்றன. இலண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதன் முன்னோடி. முதலில் செவிலியராகவும் பிறகு மருத்துவ சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன் பின்பு மருத்துவம் படித்தவர். சாகப்போகிறவரின் வலி உடலில் மட்டும் இல்லை, அது மனத்திலும் குடும்பத்திலும் கடனிலும் அச்சத்திலும் இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர் கற்றுக்கொடுத்த பாடம். அவர் சொன்ன பட்டியலில் நாம் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அது சாதி. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

இந்தியாவில் இதற்கான முதல் இல்லம் 1986-இல் மும்பையில் தொடங்கியது. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் வலி நிவாரண சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் மருத்துவமனைக்கு வர முடியாது, மருத்துவமனைதான் அவரிடம் போக வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் விரைவிலேயே புரிந்துகொண்டார்கள். அந்தந்த ஊர் மக்களே பயிற்சி பெற்று வீடு வீடாகப் போகும் முறை அப்படித்தான் வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. உள்ளாட்சிகள் தங்கள் பகுதி நோயாளிகளைப் பார்ப்பதைக் கடமையாக ஏற்றன.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைச் சர்க்கரை, இரத்தக்கொதிப்பு மாத்திரைத் திட்டம் என்று மட்டுமே பலர் நினைக்கிறார்கள். அதற்குள்ளேயே வீட்டுக்கு வந்து தரும் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் இருக்கின்றன. இது தெரியாததால் நம் தோழர் 22 நாட்கள் வலியில் கிடந்தார்.

22 நாட்கள்

செம்பாக்கத்தில் ஒரு தெருவில், மாடியில், இரண்டு அறை வாடகை வீடு. வீட்டுக்கு வந்த முதல் வாரம் மருந்துக் கடையில் கிடைத்த வலி மாத்திரைகளே போதும் என்று நினைத்தோம். இரண்டாவது வாரம் அவர் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இரவைக் கழித்தார். பேச்சு போய்விட்டது. மெய்ப்புத் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டுவார். வலி எவ்வளவு என்று நாங்கள் கேட்டால் பத்துக்குப் பத்து என்று எழுதுவார். மூன்றாவது வாரம் எழுதுவதையும் நிறுத்திவிட்டார்.

அண்ணி சத்துணவு மையத்தில் சமையலர். அங்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் பெண் ஒருவரிடம் ஒரு நாள் அடுப்பங்கரையில் அழுதிருக்கிறார். "அக்கா, இதுக்குன்னு ஒரு நர்ஸம்மா இருக்காங்க, ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண்தான் எண்ணைக் கொடுத்தார். செவிலியர் வந்தார். புண்ணைத் திறந்து பார்த்தார், முகம் சுளிக்கவில்லை. அரசு மருத்துவமனை ஒன்றின் மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டாம் நாள் இரவு தோழர் படுத்துத் தூங்கினார். காலையில் தாளில் 3 என்று எழுதிக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் மன்றத்தில் இருக்கிறது.

மார்ஃபின் பற்றி மாணவர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கடுமையான புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபினைப் படிப்படியாகப் பயன்படுத்தும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வெளியிட்டது. மாத்திரையின் விலை மிகக் குறைவு. வலி வந்த பிறகு விழுங்குவதற்கில்லை, வலி திரும்புவதற்கு முன்பே, பெரும்பாலும் நான்கு மணிக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். அளவை மருத்துவர்தான் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் வரும், ஆகவே அதற்கான மருந்தைக் கூடவே கொடுக்க வேண்டும். முதல் சில நாட்கள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கலாம். வலிக்காக உரிய அளவில் கொடுக்கும்போது அது ஆளைக் கொல்வதில்லை. அடிமையாக்கிவிடும் என்ற பயத்தால் சாகப்போகிறவருக்கு மருந்தை மறுப்பதில் எந்த அறமும் இல்லை.

பிறகு ஏன் கிடைப்பதில்லை? 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்ஃபினைச் சுற்றி உரிமங்களால் வேலி கட்டியது. பல மாநிலங்களில் ஒரு மருத்துவமனை பல துறைகளில் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. தண்டனைக்குப் பயந்து மருத்துவமனைகள் அதை வாங்குவதையே நிறுத்தின. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைக் கையாளாமலே படித்து முடித்தார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்களுக்கு நடைமுறை எளிதானது. சட்டம் மாறியது, பழக்கம் மாறவில்லை. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேச வயல்களில் அரசு உரிமத்தோடு கசகசா பயிராகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு அபின் ஆலைகள் இருக்கின்றன. உலகத்துக்கு வலிமருந்தின் மூலப்பொருளைத் தரும் நாட்டில் செம்பாக்கத்து மாடி வீட்டில் ஒருவர் சுவரில் சாய்ந்து விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்.

இது நம் நாட்டின் கதை மட்டும் இல்லை. 2017-இல் லான்செட் இதழின் ஆணையம் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. உலகில் ஓராண்டில் விநியோகமாகும் மார்ஃபின் வகை வலிமருந்துகள் சுமார் 299 டன். அதில் மிக வறிய நாடுகளுக்குப் போய்ச் சேர்வது 0.1 டன். ஆதரவு சிகிச்சை தேவைப்படுவோரில் சுமார் 14 விழுக்காட்டினருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிலமும் நீரும் எப்படிப் பங்கிடப்பட்டனவோ அப்படியே வலிமருந்தும் பங்கிடப்பட்டிருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

செவிலியர் வாரம் ஒருமுறை வருவார். இடையில் தொலைபேசி. மற்ற நேரமெல்லாம் வீட்டார்தான். அவரிடம் நாங்கள் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறோம், உங்கள் வீட்டுக்கும் தேவைப்படும் நாள் வரும்.

புண் நாற்றம்தான் நோயாளியை முதலில் தனிமைப்படுத்துவது. உறவினர் வாசலோடு திரும்புவதும் பேத்தி மடியில் உட்கார மறுப்பதும் அதனால்தான். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவதைச் செவிலியர் காட்டிக்கொடுத்தார். சில நாட்களில் நாற்றம் அடங்கியது. தோழரின் மகள் அதன் பிறகுதான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள்.

படுத்தே இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இடுப்பு, குதிகால், தோள்பட்டை சிவக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். படுக்கைப் புண் வந்த பிறகு ஆற்றுவது கடினம், வராமல் தடுப்பது எளிது. மூச்சு வாங்கினால் தலையை உயர்த்தி, சன்னலைத் திறந்து, முகத்தில் படும்படி மின்விசிறி வைத்தாலே திணறல் ஓரளவு குறையும்.

அடுத்தது சோறு. எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது இதுதான். கடைசி நாட்களில் உடல் உணவைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. சாப்பிடாததால் சாவதில்லை, செத்துக்கொண்டிருப்பதால் சாப்பிடுவதில்லை. அந்த நேரத்தில் ஏற்றும் குளுக்கோஸ் பலம் தருவதில்லை, சில சமயம் நெஞ்சில் நீர் கோத்து மூச்சை இன்னும் கெடுக்கும். வாயை நனைத்த பஞ்சால் துடைத்து, உதட்டில் எண்ணெய் தடவினால் போதும். இதை மூளை ஏற்றாலும் மனம் ஏற்கவில்லை. பசியையே வரலாறாகக் கொண்ட மக்கள் நாம். கூழுக்காக அடிமைப்பட்ட தாத்தன்களின் பிள்ளைகள், கண் முன்னே ஒருவரைப் பட்டினியாக விடுவதா? தோழரின் அக்கா ஊரிலிருந்து வந்து, "சோறு தண்ணி குடுக்காம என் தம்பிய கொல்றீங்களே" என்று மாரில் அடித்துக்கொண்டார். கம்மலை அடகு வைத்தாவது டிரிப்ஸ் ஏற்றுங்கள் என்றார். செவிலியர் அவரைத் திட்டவில்லை. பஞ்சையும் தண்ணீரையும் அவர் கையில் கொடுத்து, "நீங்க பாருங்கம்மா, உங்க தம்பி வாய் காயாம பாத்துக்கறது உங்க வேலை" என்றார். அன்றிலிருந்து அக்கா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. விளக்கத்தைவிட வேலை அவரைத் தேற்றியது.

கடைசி இரண்டு மூன்று நாட்களின் அறிகுறிகளை முன்பே சொல்லிவைப்பது நல்லது. கை கால் குளிர்ந்து தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு விட்டுவிட்டு வரும். தொண்டையில் கரகரப்புச் சத்தம் கேட்கும், அது பார்ப்பவரைத்தான் அதிகம் வதைக்கும், பெரும்பாலும் நோயாளி அதை உணர்வதில்லை. இது தெரியாத குடும்பங்கள்தான் அந்த நேரத்தில் பதறி 108-ஐ அழைத்து, நோயாளி விரும்பாத தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் விடுகின்றன.

யார் செய்வது?

நாங்கள் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய பகுதி இது. முதல் 22 நாட்கள் மன்றத்து ஆண்கள் என்ன செய்தோம்? பழம் வாங்கிப் போனோம். பக்கத்தில் அமர்ந்து அரசியல் பேசினோம். அண்ணி எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். மலம் துடைத்ததும் துணி துவைத்ததும் இரவில் விழித்ததும் அவரும் மகளும்தான். அண்ணிக்குச் சம்பளம் பிடித்தமானது, மகள் ஒரு பருவத் தேர்வை எழுதவில்லை. பெண் விடுதலையைப் பற்றி மன்றத்தில் கட்டுரை வாசித்தவர்கள் நாங்கள்.

செவிலியர்தான் ஒரு நாள் நேராகக் கேட்டார்: "இத்தனை பேர் வர்றீங்களே சார், இவரைக் குளிப்பாட்ட ஒருத்தர் வரக்கூடாதா?" அன்றிரவே முறை போட்டோம். ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். முதல் வாரம் இருவர் வராமல் நழுவினார்கள். பிறகு வந்தார்கள். மாணவர்கள் நன்றாகவே செய்தார்கள்.

புத்தரைப் பற்றி விநயபிடகத்தில் வரும் நிகழ்ச்சி ஒன்றை அயோத்திதாசப் பண்டிதரைப் படித்தவர்களுக்கு நினைவூட்டுகிறோம். வயிற்றுப்போக்கு கண்ட துறவி ஒருவர் தன் கழிவிலேயே கிடக்கிறார். அவரால் சங்கத்துக்குப் பயன் எதுவும் இல்லை என்பதால் மற்றத் துறவிகள் எவரும் பார்க்கவில்லை. புத்தர் ஆனந்தரோடு சேர்ந்து அவரைத் தன் கையால் கழுவிக் கட்டிலில் கிடத்துகிறார். பிறகு சங்கத்தைக் கூட்டி, தாய் தகப்பனை விட்டு வந்த நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார் என்ற கருத்தில் கேட்கிறார். அருவருப்பு இல்லாமல் கழிவை அகற்றுவதை நல்ல பராமரிப்பாளரின் இலக்கணங்களில் ஒன்றாகவும் அந்த நூல் வைக்கிறது. அயோத்திதாசரே சித்த மருத்துவராக வாழ்ந்தவர். கழிவைத் தொடுவதைப் பிறப்போடு கட்டிவைத்து இழிவாக்கியது சாதி. அதையே எவரும் செய்ய வேண்டிய அறமாக்கியது பௌத்தம். நாம் எந்தப் பக்கம் என்பது மேடைப் பேச்சில் தெரிந்துவிடாது, படுக்கையின் ஓரத்தில்தான் தெரியும்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் அடுக்கங்களில் முதியவர்களைப் பன்னிரண்டு மணி நேர முறையில் பார்த்துக்கொள்ளும் பெண்களில் நம் தெருக்களிலிருந்து போகிறவர்கள் நிறையப் பேர். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவர் அப்படி ஓர் ஐயாவை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, படுக்கைப் புண் வராமல் காத்தார். அதே மாதங்களில் அவருடைய மாமனார் பெரும்பாக்கம் குடியிருப்பில் ஏழாவது மாடியில் தனியாகக் கிடந்து புண்ணோடு செத்தார். ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றிக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள், அவற்றில் பெரும்பகுதி தலித்துகள், அந்த உயரமான கட்டடங்களில் வாழ்கின்றன. மின்தூக்கி நின்றுவிட்டால் நோயாளியை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கி இறக்க வேண்டும். ஊரின் சாவுச் செய்தியைச் சொல்லவும் பறை அடிக்கவும் குழி வெட்டவும் பிணம் எரிக்கவும் நம்மைக் கட்டாயப்படுத்தியது கிராமம். சாவதற்கு முந்தைய வேலையைக் குறைந்த கூலிக்கு நமக்கே தந்திருக்கிறது நகரம். எல்லோருடைய சாவையும் பார்த்துக்கொண்டவர்களின் சாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

யார் வீடு?

மருந்து கிடைத்தது, ஆட்கள் கிடைத்தார்கள். 44-ஆம் நாள் வீட்டுக்காரர் மாடி ஏறி வந்தார். மரியாதையாகவே பேசினார். "தப்பா நினைக்காதீங்கம்மா. கீழே சின்னப் பிள்ளைங்க இருக்கு, பயந்துக்கும். புதுசா கட்டின வீடு. ஆஸ்பத்திரியிலேயே வச்சிக்கலாமே. இல்லேன்னா சொந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்களேன்."

வாடகை வீட்டில் சாவு விழக் கூடாது என்பது சென்னைப் புறநகரில் எழுதப்படாத ஒப்பந்தம். சாதி பாராமல் எல்லா வாடகைதாரருக்கும் இது நேர்கிறது. நமக்கு அதற்குக் கீழே இன்னொரு தளம் இருக்கிறது. அந்த வீட்டை எடுக்கும்போது அண்ணி தம் சாதியைச் சொல்லவில்லை. கேட்டதற்குத் திருவண்ணாமலைப் பக்கம் என்று மட்டும் சொன்னார். அம்பேத்கர் படம் கூடத்தில் இல்லை, உள் அறையில் இருந்தது. நோய் வந்த பிறகு எங்களைப் போன்றவர்கள் வரிசையாக வந்தோம். உறவினர்கள் வந்தார்கள், சொந்த ஊர்ப் பேச்சு படியில் கேட்டது. ஒரு குடும்பம் பல ஆண்டுகளாக மூடி வைத்ததைச் சாவு ஒரே நாளில் திறந்துவிடும் என்பது அண்ணிக்குத் தெரியும். யார் வருகிறார்கள், என்ன மேளம், எந்தச் சுடுகாடு என்று எல்லாமே சாதியைச் சொல்லிவிடும். "அவரு போனதுக்கு அப்புறம் நானும் பொண்ணும் இங்கதானே இருக்கணும்" என்று அண்ணி சொன்னார். கணவரின் சாவையும் தன் அடுத்த வாடகை வீட்டையும் ஒரே சமயத்தில் கணக்குப் போட வேண்டிய பெண்ணின் வலிக்கு எந்த மாத்திரை இருக்கிறது? சாண்டர்ஸ் சொன்ன முழு வலியில் சாதியையும் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் சொன்னது இதனால்தான்.

வீட்டுக்காரர் சாதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் காரணம் என்று எங்களால் நிறுவ முடியாது. நம் காலத்துச் சாதிக்கு நிறுவ முடியாமல் இருப்பதே பெரிய பலம்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வீட்டு வாடகைச் சட்டத்தில் வாடகைதாரரை வெளியேற்றுவதற்கான காரணங்கள் வரிசையாக உள்ளன. நோயோ சாவோ அதில் இல்லை. வெளியேற்ற வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி நெருக்கவும் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டம். வாய்ப்பேச்சில் வீடு எடுத்தவர் தன் உரிமையை எந்தத் தாளைக் காட்டிக் கேட்பார்? வழக்குப் போடலாம் என்று எங்களில் சிலர் சொன்னோம். தோழர் தாளில் எழுதினார்: "வேண்டாம். எனக்கு நேரமில்லை."

46-ஆம் நாள் மன்றத் தோழர் ஒருவரின் காலனி வீட்டுக்கு, பட்டா உள்ள சொந்த வீட்டுக்கு, அவரைக் கொண்டுபோனோம். தெருவைப் பார்த்த முன்னறை. சன்னலுக்கு வெளியே வேப்பமரம். அம்பேத்கர் படம் நேர் எதிரே. 12 நாட்கள் அங்கே இருந்தார். 58-ஆம் நாள் விடியலில், மகள் பக்கத்தில் இருக்க, வலியில்லாமல் மூச்சு அடங்கியது. காலனி முழுவதும் கூடியது. பறை அடித்தது. மறைக்க எதுவும் இருக்கவில்லை.

வீட்டில் சாவதே மாண்புள்ள சாவு என்று ஆதரவு சிகிச்சைப் பிரசுரங்கள் சொல்கின்றன. ஆம், வீடு இருப்பவருக்கு. கேரள முறையின் அடித்தளம் அண்டை வீட்டார் என்கிறார்கள். சாதிச் சமூகத்தில் அண்டை என்ற சொல்லே எல்லை போட்ட சொல். சேரிக்கு அண்டை யார்? அடையாளத்தை மறைத்துக் குடியிருப்பவருக்கு அண்டை யார்? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் வயல் வழியாகச் சுடுகாட்டுக்குப் பாதை கிடைக்காமல், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே அதை விசாரணைக்கு எடுத்தது. பாலத்தில் தொங்கிய அந்த உடலுக்கும் மாடியிலிருந்து இறக்கப்பட்ட நம் தோழருக்கும் தூரம் அதிகமில்லை.

இந்த மண்ணுக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. 1928-இல் மருத்துவர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். 1993-இல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ள முன்வந்ததும் அதே மருத்துவமனைதான். மற்றவர் விலக்கியவரை ஏற்பது எப்படி என்று இந்த வட்டாரம் இரண்டு முறை கற்றிருக்கிறது. மூன்றாவது முறையும் கற்க முடியும்.

தாள்களும் கோரிக்கைகளும்

இரண்டு தாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதலாவது, முன்விருப்ப ஆவணம். மாண்போடு சாவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீள வழியில்லாத நிலையில் செயற்கைச் சுவாசம் போன்றவை வேண்டாம் என்று, சுயநினைவோடு இருக்கும்போதே எழுதி வைக்கலாம். 2023 சனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன் கையெழுத்திட்டால் போதும். இரண்டாவது, இறப்புச் சான்று. இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். வீட்டில் இறந்தால் மரணத்தின் காரணத்தை எழுதித்தர மருத்துவர் வேண்டும். பார்க்காத நோயாளிக்கு எவரும் எழுதித் தரமாட்டார். ஆகவே சிகிச்சைத் தாள்களை ஒரே கோப்பில் வைத்து, எழுதித்தரும் மருத்துவர் யார் என்பதை முன்பே பேசிவைக்க வேண்டும். விதவை ஓய்வூதியம், வாரிசுச் சான்று எல்லாம் இந்தத் தாளிலிருந்துதான் தொடங்கும்.

நம் கோரிக்கைகள் இவை. செம்பாக்கம் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது, ஆகவே மாநகராட்சியிடமும் மாநில அரசிடமும் கேட்கிறோம்.

ஒன்று, மார்ஃபின் எந்த அரசு மருத்துவமனையில் எந்த நாளில் கிடைக்கும் என்பதை ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய வாசலிலும் எழுதி வைக்க வேண்டும். ஆதரவு சிகிச்சைச் செவிலியரின் எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டு, படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்கும் குடும்பப் பெண்ணுக்கு அந்த நாட்களுக்கான ஊதியம் வேண்டும். தன்னார்வலர் என்ற பெயரில் குறைந்த ஊக்கத்தொகைக்கு உழைக்கும் சுகாதாரப் பெண்களுக்கு முறையான சம்பளம் வேண்டும்.

மூன்று, வீடில்லாதவருக்கும் வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படுபவருக்கும் ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு பராமரிப்பு இல்லம் வேண்டும். வடசென்னை மாத்தூரில் ஜீவோதயா போன்ற தொண்டு இல்லங்கள் செய்வதை அரசு தன் கடமையாக ஏற்க வேண்டும். பெரும்பாக்கம் போன்ற குடியிருப்புகளில் நோயாளி உள்ள குடும்பத்துக்குக் கேட்டால் தரைத்தள வீடு தர வேண்டும்.

நான்கு, சாதிப் பெயரில்லாத பொதுச் சுடுகாடும் அதற்குப் பாதையும் எல்லா ஊரிலும் வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்கப் போவதில்லை. அந்தக் காலனி வீட்டு முன்னறையை அதன் உரிமையாளரான தோழர் மன்றத்துக்கே ஒதுக்கித் தந்திருக்கிறார். ஒரு கட்டிலும் காற்றுப் படுக்கையும் வாங்கியாகிவிட்டது. முறை போடும் நோட்டு ஒன்று இந்த அரங்கின் வாசலில் மேசை மேல் இருக்கிறது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் தர முடிந்தவர்கள் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். ஆண்கள் முதலில் எழுதுங்கள்.

தோழர் கடைசியாக மெய்ப்புத் திருத்திய மலர் அவருடைய தலைமாட்டில்தான் இருந்தது. அதில் மூன்று பிழைகளைக் குறித்திருந்தார். மூன்றையும் திருத்தித்தான் அச்சிட்டோம். அவர் கண்ணில் பட்ட நான்காவது பிழை, ஒரு மனிதன் நிம்மதியாகச் சாக அவனுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்க வேண்டும் என்ற நிலை. அதை நாம்தான் திருத்த வேண்டும்.

ஜெய்பீம்.